பதிவேட்டில் ஒப்புதல் போதும், தரவு வேண்டாம்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். நம் தகவலை நாமே விற்றுக் காசு பார்க்கலாம், நடுவில் எந்த நிறுவனமும் கிடையாது, எல்லாவற்றையும் பிளாக்செயின் பார்த்துக்கொள்ளும் என்று சொல்லி, டோக்கன் எனப்படும் டிஜிட்டல் நாணயத்தைத் தரும் செயலிகள் பெருகி வருகின்றன. பிளாக்செயின் என்பது பலரின் கணினிகளில் ஒரே மாதிரி நிற்கும், எழுதியதை மாற்ற முடியாத பதிவேடு; கீழே சங்கிலி என்று சொல்வதும் அதையே. நடந்த தூரம், தூங்கிய நேரம், வாங்கிய பொருள், போய்வந்த இடம், ரத்தச் சர்க்கரை அளவு, கருவிழிப் படம் என எல்லாவற்றுக்கும் விலை வைக்கிறார்கள். இந்தப் பேச்சில் கொஞ்சம் உண்மையும் இருக்கிறது. அது எது வரைக்கும் செல்லும், எங்கே உடையும் என்பதை உங்கள் வாசகர்களுக்கு விளக்கமாகச் சொல்லவே இக்கடிதம்.

எங்கள் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். யார் யாருக்கு எதற்காக ஒப்புதல் கொடுத்தார்கள், பணம் கைமாறியதா என்பதற்குச் சாட்சியாக நிற்க பிளாக்செயினுக்குத் தகுதி உண்டு. தரவை வைத்துக் காக்கவோ, விற்றதைத் திரும்பப் பெறவோ, விற்றது உண்மைதானா என்று சொல்லவோ அதனால் முடியாது. பத்திரப் பதிவு அலுவலகத்தில் பத்திரம்தான் பதிவாகிறது. நிலத்தை யாரும் அங்கே கொண்டுபோய் வைப்பதில்லை. தரவு விற்கும் செயலிகள் பலவும் பத்திரத்தோடு நிலத்தையும் பதிவேட்டுக்குள் தள்ளிவிடுகின்றன. சிக்கல் அங்கேதான் தொடங்குகிறது.

தகவல் ஒரு விசித்திரமான சரக்கு. வாங்குபவர் பார்க்காமல் அதன் மதிப்பு தெரியாது. பார்த்துவிட்டாலோ வாங்க வேண்டிய அவசியமே இல்லை. பொருளியலாளர் கென்னத் ஆரோ 1962-இலேயே இதைச் சுட்டிக்காட்டினார். முன்பின் தெரியாத இருவர் இணையத்தில் மாற்றிக்கொள்ளும்போது இன்னொரு சிக்கலும் சேர்கிறது: முதலில் கொடுப்பது யார்? பணத்தை முதலில் கொடுத்தால் தரவு வராமல் போகலாம். தரவை முதலில் கொடுத்தால் பணம் வராமல் போகலாம். நம்பகமான மூன்றாவது ஆள் இல்லாமல் இதை முழு நியாயமாகத் தீர்க்க முடியாது என்பது கணினியியலில் நிறுவப்பட்ட முடிவு. அந்த மூன்றாவது ஆளின் இடத்தில், சங்கிலியில் தானாக ஓடும் நிரலான ஸ்மார்ட் கான்ட்ராக்டை உட்கார வைப்பதே பிளாக்செயின் வழி.

நடைமுறை இதுதான். விற்பவரின் போன், கோப்பை ஒரு சாவியால் என்க்ரிப்ட் செய்கிறது, அதாவது பூட்டுகிறது; வழக்கமாக 256 பிட் ஏ.இ.எஸ். என்ற பூட்டு முறையில். அந்தச் சாவியின் ஹாஷை, அதாவது சாவியிலிருந்து கணக்கிடும், ஆனால் அதை வைத்துச் சாவியைக் கண்டுபிடிக்க முடியாத, 32 பைட் நீளமுள்ள கைரேகை போன்ற எண்ணை, கான்ட்ராக்டில் போடுகிறார். பூட்டிய கோப்பு வாங்குபவருக்குப் போகிறது. வாங்குபவர் தொகையைக் கான்ட்ராக்டில் முடக்குகிறார். குறித்த நேரத்துக்குள் விற்பவர் சாவியை வெளியிட்டால், கான்ட்ராக்ட் அதன் ஹாஷைச் சரிபார்த்துப் பணத்தை விடுவிக்கும். வெளியிடாவிட்டால் பணம் திரும்பிவிடும். இத்துடன் 'பூட்டிய கோப்பில் இருப்பது கேட்ட பொருள்தான்' என்பதற்கு, கோப்பைக் காட்டாமலேயே கணிதச் சான்று ஒன்றும் தரலாம். பிட்காயின் உருவாக்குநர் கிரெகரி மேக்ஸ்வெல் 2011-இல் முன்வைத்த இந்த முறை, 2016 பிப்ரவரியில் முதன்முதலாக நிஜப் பணத்தில் செய்து காட்டப்பட்டது. 0.1 பிட்காயினுக்கு ஒரு சுடோகு புதிரின் விடை கைமாறியது. அடுத்த ஆண்டே, அந்தக் கணிதச் சான்றை உருவாக்கத் தேவைப்படும் தொடக்க எண்களை வாங்குபவரே தயாரித்தால், காசு கொடுக்காமலேயே விடையைப் பற்றிய தகவலை அவர் கறக்க முடியும் என்று ஆய்வாளர்கள் கண்டுபிடித்தார்கள்.

சுடோகு விடை சரியா என்று கணிதத்தால் சோதிக்கலாம். ஒருவர் நேற்று ஆறு மணி நேரம் தூங்கினாரா என்று சோதிக்க எந்தச் சமன்பாடும் இல்லை. இந்த ஒரு வேறுபாட்டை மனத்தில் வைத்துக்கொண்டால் மீதியெல்லாம் தெளிவாகும்.

மேலே சொன்ன கைமாற்றத்தில் ஒரு பெரிய ஓட்டை இருக்கிறது; அவசரமாக எழுதப்பட்ட கான்ட்ராக்டுகளில் இதைக் கட்டாயம் தேட வேண்டும். பொதுப் பிளாக்செயினில் வெளியிடும் சாவி வாங்குபவருக்கு மட்டும் தெரிவதில்லை, உலகத்துக்கே தெரியும். பூட்டிய கோப்பு, பலரின் கணினிகளில் பரவிக் கிடக்கும் ஐ.பி.எஃப்.எஸ். போன்ற பொது சேமிப்பில் இருந்தால், சாவி வெளிவந்த நொடியில் யார் வேண்டுமானாலும் அதைத் திறக்கலாம். ஒருவருக்கு விற்றதாக நினைத்தது ஊருக்கே இலவசமாகப் போய்விடும். தீர்வு இரண்டு. பூட்டிய கோப்பைப் பொதுவில் வைக்காமல் நேரடி இணைப்பில் வாங்குபவருக்கு மட்டும் அனுப்ப வேண்டும். அல்லது சாவியை வாங்குபவரின் பொதுச் சாவியால் (அதனால் யாரும் பூட்டலாம், அவர் மட்டுமே திறக்கலாம்) மறுபடி பூட்டி, 'உள்ளே இருப்பது அதே சாவிதான்' என்ற கணிதச் சான்றோடு வெளியிட வேண்டும். இரண்டாவது வழியில் சான்று உருவாக்கப் போனுக்கு வேலை அதிகம். கான்ட்ராக்டில் சரிபார்க்கக் கட்டணமும் அதிகம். அதனால்தான் பலர் அதைத் தவிர்க்கிறார்கள்.

2018-இல் வார்சா, டார்ம்ஸ்டாட் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் செலவைக் குறைக்க வேறு வழி காட்டினார்கள். கோப்பைத் துண்டுகளாக்கி, துண்டுகளின் ஹாஷ்களை மரம்போல் அடுக்கி, உச்சியில் வரும் ஒரே ஹாஷை முன்கூட்டியே ஒப்புக்கொள்வது. ஏமாற்று நடந்தால் மட்டும் தவறான துண்டைக் காட்டி வாங்குபவர் புகார் செய்வது. சண்டை இல்லாவிட்டால் செலவு மிகக் குறைவு. ஆனால் தனிநபர் தரவுக்கு இதைப் பயன்படுத்தும்போது இரண்டு சங்கடங்கள். புகார் நேரத்துக்குள் வாங்குபவர் சோதிக்காவிட்டால் பணம் தானாக விற்பவருக்குப் போய்விடும். புகார் செய்தாலோ, சர்ச்சைக்குரிய துண்டு சங்கிலியில் ஏறி எல்லோர் கண்ணிலும் படும். அந்தத் துண்டில் ஒருவரின் மருத்துவ விவரம் இருந்தால் அது இனி அழியாது.

மூன்றாவது சங்கடம் இன்னும் அடிப்படையானது. அந்த உச்சி ஹாஷ் உண்மையான தரவுக்குரியது என்று யார் சொன்னது? பரிசோதனைக் கூடமோ வங்கியோ மருத்துவமனையோ டிஜிட்டல் கையொப்பமிட்டுத் தந்தால்தான் அதற்கு மதிப்பு. இணையத் தரநிலைகளை வகுக்கும் டபிள்யூ3சி அமைப்பு 2019-இல் வெளியிட்ட சரிபார்க்கத்தக்க சான்று தரநிலை இதற்காகத்தான் இருக்கிறது. கையொப்பமில்லாமல் போனிலிருந்து நேராக வரும் தரவுக்கு டோக்கன் கொடுத்தால், போனைக் குலுக்கி அடி எண்ணிக்கையைக் கூட்டுவதிலிருந்து ஆயிரக்கணக்கான போலிக் கணக்குகள் வரை எல்லாம் வந்துசேரும். ஒரு வலைத்தளத்திலிருந்து இந்தத் தரவு வந்தது என்று டி.எல்.எஸ். எனும் பாதுகாப்பான இணைய இணைப்பை வைத்தே நிரூபிக்கும் முறைகள் இப்போது உண்டு. அவை மூலத்தை உறுதிசெய்யும்; அந்த மூலத்தில் போலியாக உருவாக்கிய கணக்கை உண்மையாக்கிவிடாது. பிளாக்செயினில் பொய்யை எழுதினால், மாற்ற முடியாத பொய்யாக அது நிற்கும்.

'உங்கள் பெயர், எண் எதுவும் சங்கிலியில் இல்லை. ஹாஷ் மட்டும்தான்' என்ற உத்தரவாதத்தைச் செயலிகள் அடிக்கடி தருகின்றன. வாசகர்கள் இதை நம்ப வேண்டாம். இந்திய மொபைல் எண் பத்து இலக்கம். முதல் இலக்கம் 6 முதல் 9 வரை. ஆக மொத்த வாய்ப்புகள் 400 கோடி. விளையாட்டுக்கென்று கடையில் விற்கும் உயர்ரக கிராஃபிக்ஸ் கார்டு ஒன்று நொடிக்கு ஆயிரம் கோடிக்கும் மேற்பட்ட எஸ்.எச்.ஏ-256 (பரவலான ஒரு ஹாஷ் முறை) ஹாஷ்களைப் போடும். எல்லா மொபைல் எண்களுக்கும் ஹாஷ் போட்டு, சங்கிலியில் இருப்பதோடு ஒப்பிட்டு, எண்ணைக் கண்டுபிடிக்க அதற்கு ஒரு நொடிகூட வேண்டாம். ஆதார் எண்ணில் 12 இலக்கம் இருந்தாலும் முதல் இலக்கம் 0, 1 ஆக இருக்காது, கடைசி இலக்கம் சரிபார்ப்பு எண். மிஞ்சுவது 8,000 கோடி. சில நொடி வேலை. பிறந்த தேதி, வாகன எண் எல்லாம் இதைவிட எளிது. ஒவ்வொரு பதிவுக்கும் தனித்தனியாக 32 பைட் ரகசியச் சீரற்ற எண்ணைக் கலந்து ஹாஷ் போட்டால் இந்தத் தாக்குதல் நடக்காது. அந்த எண்ணைச் சங்கிலிக்கு வெளியே பூட்டி வைக்க வேண்டும். எல்லோருக்கும் ஒரே எண்ணைக் கலக்கக் கூடாது. பின்னர் அதை அழித்தால் சங்கிலியில் நிற்கும் ஹாஷுக்கும் ஆளுக்கும் தொடர்பு அறுந்துவிடும். ஒரு செயலியின் ஆவணத்தில் இந்த விவரம் இல்லையென்றால், பாதுகாப்பு பற்றிய அதன் மற்ற பேச்சுகளைக் கணக்கில் எடுக்கத் தேவையில்லை.

தரவையே சங்கிலியில் ஏற்றுவது பொருளாதாரமாகவும் கட்டுப்படியாகாது. எத்தீரியம் என்ற பொதுப் பிளாக்செயினில் 32 பைட் புதிதாக எழுத 20,000 கேஸ்; கேஸ் என்பது கட்டணத்தைக் கணக்கிடும் அலகு. ஒரு கே.பி. எழுத 6,40,000. சாதாரணப் பணப் பரிமாற்றத்துக்கு 21,000 கேஸ் என்பதோடு ஒப்பிட்டால் முப்பது மடங்கு. ஒரு எம்.பி. என்றால் 65 கோடி கேஸ். சங்கிலியின் பல பிளாக்குகளை (பதிவேட்டின் பக்கங்களை) முழுதாக விழுங்கும். எனவே கோப்பு வெளியே எங்கோதான் இருக்கும். அது ஒரு நிறுவனத்தின் சர்வரில் இருந்தால், இடைத்தரகர் இல்லை என்ற பேச்சு அங்கேயே முடிகிறது. சர்வர் நின்றால், வாங்கியவர் கையில் டோக்கன் இருக்கும், தரவு இருக்காது. ஐ.பி.எஃப்.எஸ்.ஸில் இருந்தால், பிரதி எடுத்தவர்கள் எல்லோரையும் அழிக்கச் சொல்ல வழியில்லை. பூட்டித்தானே இருக்கிறது என்று நினைக்கலாம். ஏ.இ.எஸ்-256 பூட்டு நெடுங்காலம் தாங்கும். ஆனால் அந்தச் சாவியைப் பெரும்பாலும் நீள்வட்ட வளைவுக் கணிதம் என்ற பொதுச் சாவி முறையால் பூட்டி அனுப்புகிறார்கள். போதிய திறனுள்ள குவாண்டம் கணினி வந்தால் உடைவது அந்தப் பூட்டு. இப்போதே பிரதி எடுத்து வைத்துக்கொண்டு பிறகு திறக்கக் காத்திருப்பவர்களுக்கு எதிராகத்தான் அமெரிக்காவின் தரநிலை அமைப்பான நிஸ்ட் 2024 ஆகஸ்டில் புதிய சாவிப் பரிமாற்றத் தரநிலையை வெளியிட்டது. மரபணுத் தரவு ஐம்பது ஆண்டு கழித்தும் பிள்ளைகளைப் பாதிக்கும். அப்படிப்பட்டதைப் பொது சேமிப்பில் பூட்டி வைப்பது சரியான முடிவே அல்ல.

தரவு ஒளிந்திருந்தாலும் விற்பனை ஒளியாது. நீரிழிவு நோயாளிகளின் அளவீடுகளை வாங்கும் கான்ட்ராக்டிலிருந்து ஒரு வாலட்டுக்கு (சங்கிலியில் உள்ள பணக் கணக்குக்கு) பணம் வந்தால், அந்த வாலட்டின் சொந்தக்காரருக்கு நீரிழிவு இருக்கிறது என்பதே வெளிப்பட்டுவிட்டது. கோப்பைத் திறக்க வேண்டிய அவசியமே இல்லை. ஒவ்வொரு விற்பனைக்கும் புதிய முகவரி வைத்துக்கொள்ளலாம். ஆனால் அதில் கேஸ் கட்டணம் செலுத்தப் பழைய வாலட்டிலிருந்து காசு அனுப்பினால் இரண்டும் இணைந்துவிடும். கட்டணத்தை வேறொருவர் கட்டும் வசதி 2023 முதல் எத்தீரியத்தில் தரநிலையாகவே இருக்கிறது. செயலி அதைப் பயன்படுத்துகிறதா என்று கேட்க வேண்டும். கிடைத்த டோக்கனை ரூபாயாக்க அடையாளம் கேட்கும் எக்ஸ்சேஞ்சுக்கு (டோக்கனை மாற்றித் தரும் நிறுவனத்துக்கு) அனுப்பும் நாளில், அத்தனை முகவரிகளும் ஒரே ஆளிடம் வந்து சேர்வதும் நடக்கும்.

பெயரை நீக்கிவிட்டு விற்கிறோம் என்பதும் பழைய உத்தரவாதம்தான். 15 லட்சம் பேரின் 15 மாத மொபைல் இருப்பிடத் தரவை ஆராய்ந்து 2013-இல் வெளியான ஆய்வு, இடமும் நேரமும் சேர்ந்த நான்கே புள்ளிகள் 95 சதவீதம் பேரைத் தனித்து அடையாளம் காட்டிவிடும் என்று நிறுவியது. வீடு, அலுவலகம், வாரக் கோயில், மாமியார் ஊர் என்று நான்கு புள்ளி எல்லோருக்கும் இருக்கிறது. அதற்கு முன்பே, நெட்ஃபிளிக்ஸ் பெயர் நீக்கி வெளியிட்ட திரைப்பட மதிப்பீடுகளிலிருந்து ஆட்களைக் கண்டுபிடிக்க முடியும் என்று காட்டியவர்களில் ஒருவர் சென்னை ஐ.ஐ.டி.யில் படித்த அரவிந்த் நாராயணன். எட்டு மதிப்பீடுகள், அதில் இரண்டு தவறாக இருந்தாலும், தேதி இரண்டு வாரம் முன்பின் ஆனாலும், 99 சதவீதப் பதிவுகளைத் தனித்து அடையாளம் காண அவை போதும் என்று அந்த ஆய்வு கண்டது.

விற்பவர் சம்மதித்துத்தானே விற்கிறார் என்று வாதாடுவோர், தகவல் ஒருவருக்கு மட்டும் சொந்தமாக இருப்பது அரிது என்பதை மறந்துவிடுகிறார்கள். மரபணுவை விற்றால் உடன்பிறந்தவரின் மரபணுவில் ஏறக்குறைய பாதியும் தெரிந்துவிடும். தொடர்பு எண்களை விற்றால் அந்த நூற்றுக்கணக்கானவர்களிடம் யார் கேட்டது? வாட்ஸ்அப் உரையாடலில் எதிர்முனையில் இருப்பவரும் ஓர் ஆள். பலர் விற்ற பிறகு, விற்காதவரைப் பற்றியும் ஊகிக்க முடிந்துவிடுவதால் அவருடைய தகவலின் விலையும் இறங்குகிறது. சந்தை பெருகப் பெருக விலை கூடும் என்று செயலிகள் சொல்வதற்கு நேர் எதிரானது இது.

விலை பற்றியும் நேராகப் பேசிவிடலாம். பைனான்சியல் டைம்ஸ் நாளிதழ் 2013-இல் போட்ட கணக்குப்படி வயது, பாலினம், இருப்பிடம் போன்ற பொதுத் தகவலின் விலை ஆயிரம் பேருக்கு 50 அமெரிக்க சென்ட். ஆளுக்கு நாலைந்து பைசா. ஃபேஸ்புக் 2023-இன் கடைசிக் காலாண்டில் ஆசிய-பசிபிக் பகுதியில் ஒரு பயனரிடமிருந்து ஈட்டிய சராசரி வருவாய் 5.52 டாலர், அமெரிக்கா, கனடாவில் 68.44 டாலர். இந்த வித்தியாசம் எதைக் காட்டுகிறது? தகவலுக்கென்று உள்ளார்ந்த விலை கிடையாது. அந்த ஆளிடம் விற்க விளம்பரதாரர் எவ்வளவு செலவழிப்பார் என்பதே விலை. அதுவும் மொத்த வருவாய். சர்வர், ஊழியர், மென்பொருள் எல்லாம் போகத் தகவலுக்கு என்று ஒதுக்கக்கூடியது இன்னும் குறைவு. இவ்வளவு சிறிய தொகையைப் பொதுச் சங்கிலியில் தனித்தனிப் பரிமாற்றமாக அனுப்பினால் கேஸ் கட்டணமே அதைத் தின்றுவிடும். அதனால்தான் பணத்துக்குப் பதில் டோக்கன் தருகிறார்கள். டோக்கனின் விலை தகவலுக்கான தேவையால் ஏறுவதில்லை, டோக்கன் வாங்குவோரின் எதிர்பார்ப்பால் ஏறி இறங்குகிறது. நம் நாட்டில் அதை விற்றுக் கிடைக்கும் ஆதாயத்துக்கு 30 சதவீத வரி. ஒன்றில் வந்த நஷ்டத்தை இன்னொன்றில் கழிக்க முடியாது. வரம்புக்கு மேற்பட்ட பரிமாற்றங்களில் 2022 ஜூலை முதல் 1 சதவீதம் முன்பிடித்தமும் உண்டு.

நடந்து முடிந்த ஒன்றைப் பார்ப்போம். கருவிழியை ஸ்கேன் செய்து டோக்கன் தரும் வேர்ல்டுகாயின் திட்டம் 2023 ஜூலையில் தொடங்கியபோது கென்யாவின் நைரோபியில் மக்கள் நீண்ட வரிசையில் நின்றார்கள். கிடைத்தது ஏறத்தாழ 7,000 ஷில்லிங் மதிப்புள்ள டோக்கன். ஆகஸ்ட் தொடக்கத்திலேயே அந்நாட்டு அரசு நடவடிக்கையை நிறுத்திவைத்தது. 2024 மார்ச்சில் ஸ்பெயினின் தரவுப் பாதுகாப்பு அமைப்பு தற்காலிகத் தடை போட்டது. 2025 மே மாதம் கென்ய உயர் நீதிமன்றம், பணத்தைக் காட்டிப் பெற்ற சம்மதம் செல்லாது என்று கருதி, திரட்டிய உடற்கூற்றுத் தரவை ஏழு நாளில் அழிக்க உத்தரவிட்டது. அரிசி வாங்கக் காசில்லாதவரிடம் கேட்டுப் பெறும் சம்மதத்தைச் சம்மதம் என்று சங்கிலியில் பதிந்துவிட்டால் மட்டும் அது சுதந்திரமான சம்மதம் ஆகிவிடாது.

நம் சட்டம் என்ன சொல்கிறது? டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2023 ஆகஸ்டில் குடியரசுத் தலைவரின் ஒப்புதல் பெற்றது. விதிகள் 2025 நவம்பரில் அறிவிக்கப்பட்டன. ஒப்புதல் மேலாளர்களுக்கான (மக்கள் ஒப்புதலைக் கொடுக்கவும் திரும்பப் பெறவும் உதவும் பதிவு பெற்ற நிறுவனங்களுக்கான) பகுதி அறிவிப்பிலிருந்து ஓராண்டிலும், முக்கியக் கடமைகள் 18 மாதத்திலும் அமலாகும் என்பது ஏற்பாடு. தகவல் 'சொத்து' என்றோ அதை 'விற்கலாம்' என்றோ இச்சட்டம் எங்கும் சொல்லவில்லை. ஒப்புதலைப் பற்றித்தான் பேசுகிறது. ஒப்புதல் சுதந்திரமானதாக, குறிப்பிட்ட நோக்கத்துக்கானதாக, நிபந்தனையற்றதாக இருக்க வேண்டும். கொடுத்த அளவு எளிதாகவே திரும்பப் பெறவும் முடிய வேண்டும். திரும்பப் பெற்றதும் செயலாக்கம் நிற்க வேண்டும், அழிக்கக் கேட்கும் உரிமையும் உண்டு. எனவே 'ஒருமுறை விற்றால் என்றென்றைக்கும்' என்ற ஒப்பந்த வரி சட்டத்துக்கு முரணான அளவில் செல்லாது. 18 வயதுக்கு உட்பட்டோரின் தரவுக்குப் பெற்றோரின் சரிபார்க்கத்தக்க ஒப்புதல் வேண்டும்; அவர்களின் நடத்தையைக் கண்காணிப்பதற்கும் அவர்களைக் குறிவைத்த விளம்பரத்துக்கும் தடை. மீறல்களுக்கான அபராதம் 250 கோடி ரூபாய் வரை போகும்.

இதே சட்டத்தின் மூன்றாவது பிரிவில் எல்லோரும் கவனிக்க வேண்டிய வரி ஒன்று இருக்கிறது. ஒருவர் தன் தகவலைத் தானே பொதுவெளியில் கிடைக்கும்படி செய்துவிட்டால், அத்தகவலுக்கு இச்சட்டம் பொருந்தாது. செயலியின் பொத்தானை அழுத்தித் தன் தரவைத் திறந்த சங்கிலியில் ஏற்றியவர் 'தானே பொதுவில் வைத்தவர்' ஆகிவிடுவாரா? ஆவார் என்று நாளை ஒரு நிறுவனம் வாதாடும். அப்போது அழிக்கச் சொல்லும் உரிமை உட்பட எல்லாமே கேள்விக்குறி ஆகும். எங்களை மிகவும் உறுத்துவது இதுதான்.

ஐரோப்பாவில் அழிக்கக் கேட்கும் உரிமை 2018 முதல் பொதுத் தரவுப் பாதுகாப்பு ஒழுங்குவிதியின் 17-ஆவது பிரிவில் நடைமுறையில் இருக்கிறது. அங்குள்ள தரவுப் பாதுகாப்பு வாரியம் 2025 ஏப்ரலில் வெளியிட்ட பிளாக்செயின் வழிகாட்டுதலும், தரவுப் பாதுகாப்புக் கொள்கைகளோடு மோதும் என்றால் தனிநபர் தரவைச் சங்கிலியில் வைப்பதைத் தவிர்க்கச் சொல்கிறது.

இனி, எப்படிச் செய்தால் சரியாக வரும் என்பதைச் சொல்கிறோம். தரவை அனுப்பக் கூடாது. கேள்வியைத் தரவிடம் கொண்டுவர வேண்டும். ஓஷன் புரோட்டோகால் என்ற திட்டம் இதைச் செயல்படுத்திக் காட்டியிருக்கிறது. வாங்குபவர் டோக்கன் கொடுப்பது கோப்புக்காக அல்ல, தன் கணக்கீட்டை ஒருமுறை ஓட்டிப் பார்ப்பதற்காக. தரவு இருக்கும் இடத்திலேயே கணக்கீடு ஓடும். விடை மட்டும் வெளியே போகும். நகலெடுத்து மறுவிற்பனை செய்யும் சிக்கல் இதில் பெருமளவு தீர்கிறது. ஆனால் கட்டுப்பாடு இல்லாமல் விட்டால் இதிலும் கசியும். நூறு பேரின் சராசரிச் சர்க்கரை அளவைக் கேட்டுவிட்டு, அடுத்து ஒருவரை விட்டு மீதி 99 பேரின் சராசரியைக் கேட்டால், விடுபட்டவரின் அளவு கழித்தலில் வந்துவிடும். எனவே குறைந்தபட்சக் குழு அளவு, விடையில் வேண்டுமென்றே கலக்கும் சிறு பிசகான கணித இரைச்சல், ஒருவர் எத்தனை கேள்வி கேட்கலாம் என்ற உச்சவரம்பு மூன்றும் வேண்டும். வாங்குபவரின் நிரல், விடை என்ற பெயரில் மூலத் தரவையே வெளியே கடத்தலாம். முன்பே படித்துப் பார்த்து அனுமதித்த நிரல்கள் மட்டும் ஓட வேண்டும். விடையின் அளவுக்கும் வரம்பு வைக்க வேண்டும்.

தனி ஆளுக்குப் பேரம் பேசும் வலு கிடையாது. பால் கூட்டுறவுச் சங்கம் மாதிரி, ஆயிரம் நோயாளிகளோ ஐயாயிரம் விவசாயிகளோ சேர்ந்த ஓர் அமைப்பு தங்கள் தரவைச் சங்கத்தின் பொறுப்பில் ஒன்றாகச் சேர்த்து வைத்து, கேள்வி கேட்கும் உரிமையை மட்டும் விற்கலாம். வருமானம் ரூபாயிலேயே, யு.பி.ஐ. வழியாக உறுப்பினருக்குப் போகலாம். ஸ்மார்ட் கான்ட்ராக்டால் யு.பி.ஐ. பணம் வந்ததைத் தானாக அறிய முடியாது; வங்கியோ சங்கமோ கையொப்பமிட்டுச் சொல்ல வேண்டும். டோக்கன் ஊகத்தில் மாட்டுவதைவிட இந்தச் சிறிய நம்பிக்கை மேல்.

சங்கிலிக்கு இதில் மிஞ்சும் வேலை குறைவு, ஆனால் பயனுள்ளது. ஒவ்வொரு ஒப்புதலையும் நோக்கம், கால அளவு, பெறுபவர், முடியும் தேதி ஆகியவற்றோடு கையொப்பமிட்ட ஆவணமாக வெளியே வைத்து, ஒரு நாளின் ஒப்புதல்கள் எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒரே ஓர் உச்சி ஹாஷைச் சங்கிலியில் எழுதினால் போதும். பத்து லட்சம் ஒப்புதல்கள் இருந்தாலும் தினம் 32 பைட்தான். தன் ஒப்புதல் அதில் இருக்கிறது என்று ஒருவர் நிரூபிக்க 20 ஹாஷ்கள், அதாவது 640 பைட் தேவை. நிறுவனம் பின்தேதியிட்டு ஒப்புதலை உருவாக்கவோ, திரும்பப் பெற்றதாகப் பதிவானதை மறைக்கவோ முடியாது. ரத்து செய்த விவரத்தையும் ஆள்வாரியாக எழுதாமல், ஒரே பட்டியலில் குறைந்தது 1,31,072 இடங்கள் வைத்து, அந்த ஒப்புதலுக்குரிய இடத்தில் ஒரு பிட்டை (0 அல்லது 1) மாற்றும் தரநிலை இருக்கிறது. கூட்டத்தில் யாருடையது என்று தெரியாது.

சங்கிலியே இல்லாமலும் பெரும்பகுதியைச் செய்யலாம் என்பதற்கு நம் நாட்டின் அக்கவுண்ட் அக்ரிகேட்டர் முறையே சாட்சி. ரிசர்வ் வங்கி 2016-இல் வகுத்த நெறிமுறைப்படி 2021 செப்டம்பரில் நடைமுறைக்கு வந்த இதில், வங்கிக் கணக்கு விவரம் கையொப்பமிட்ட ஒப்புதலின் பேரில் என்க்ரிப்ட் ஆகிப் போகிறது. நடுவில் இருப்பவரால் அதைத் திறந்து பார்க்க முடியாது, சேமிக்கவும் அனுமதி இல்லை. ஒருமுறை பார்க்கவா, தொடர்ந்து பெறவா, எத்தனை நாள் வைத்துக்கொள்ளலாம் என்பதெல்லாம் ஒப்புதலிலேயே எழுதப்படுகிறது. இதில் இல்லாத ஒன்று, எல்லோரும் சோதிக்கக்கூடிய பொதுச் சாட்சி. தினசரி உச்சி ஹாஷ் அதைத் தந்துவிடும்.

செயலி எதிலாவது சேர நினைக்கும் வாசகர்கள் முன்கூட்டியே சிலவற்றைக் கேட்டுப் பார்க்கலாம். சங்கிலியில் எழுதப்படுவது எது, பைட் கணக்கில்? கான்ட்ராக்டைப் பின்னால் மாற்ற முடியுமா, மாற்றும் சாவி எத்தனை பேரிடம் இருக்கிறது? முடியும் என்றால், இடைத்தரகர் அங்கேதான் இருக்கிறார். வாங்குபவர் யார், இந்தியச் சட்டத்துக்குக் கட்டுப்பட்டவரா? ஒப்புதலைத் திரும்பப் பெறும் பொத்தான் எங்கே, அதற்குக் கேஸ் கட்டணம் யார் கட்டுவது? கொடுப்பது இலவசமாகவும் திரும்பப் பெறுவது கட்டணத்தோடும் இருந்தால் அது சட்டம் சொல்லும் எளிமை அல்ல. வாலட்டை மீட்க உதவும் 12 சொற்களைத் தாளில் எழுதி வையுங்கள்; அது தொலைந்தால் டோக்கனும் போச்சு, ஒப்புதலை ரத்து செய்யும் அதிகாரமும் போச்சு. மீட்டெடுக்க வேறு வழி தராத செயலியில் ஒப்புதல் கொடுக்கவே வேண்டாம். கருவிழி, மரபணு, பிள்ளைகளின் தரவு, அடுத்தவர் எண்கள் ஆகியவற்றை எந்த விலைக்கும் ஏற்ற வேண்டாம்.

மத்திய மின்னணு, தகவல் தொழில்நுட்ப அமைச்சகத்துக்கும் தரவுப் பாதுகாப்பு வாரியத்துக்கும் எங்கள் கோரிக்கைகள் உண்டு. செயலி வழியாகச் சங்கிலியில் ஏற்றியது 'தானே பொதுவில் வைத்தது' ஆகாது என்று தெளிவுரை வேண்டும். தனிநபர் தரவையும், ரகசிய எண் கலக்காத ஹாஷையும் பொதுச் சங்கிலியில் எழுதத் தடை வேண்டும். விதிகளின்படி ஒப்புதல் மேலாளர் இந்தியாவில் பதிவான நிறுவனமாக, 2 கோடி ரூபாய்க்குக் குறையாத நிகர மதிப்போடு, தரவைப் படிக்க முடியாத நிலையில், ஒப்புதல் பதிவுகளைக் குறைந்தது ஏழு ஆண்டு வைத்திருக்க வேண்டும். அந்த மேலாளர் தரவு விற்பனையில் சதவீதக் கமிஷன் வாங்கக் கூடாது என்பதையும் வெளிப்படையாகச் சேர்க்க வேண்டும். வாங்கினால் ஒப்புதலைக் குறைக்க அவருக்கு மனம் வராது. ஏழு ஆண்டு முடிந்ததும் கலந்த ரகசிய எண்களை அழித்ததற்குத் தணிக்கைச் சான்று கேட்க வேண்டும். ஒப்புதல் மேலாளர்களைப் பதிவு செய்யும்போதே இவற்றை நிபந்தனையாக வைப்பது எளிது. லட்சக்கணக்கானவர்களின் தரவு சங்கிலியில் ஏறிய பிறகு எந்த உத்தரவாலும் அதை இறக்க முடியாது.

இப்படிக்கு,
தகவல் பாதுகாப்புத் துறையில் பணிபுரியும் வாசகர்கள்,
கோயம்புத்தூர்